தொட்டிக்குள் வேலிச் சண்டை: சிக்லிட் அடிபட்டால் எங்கிருந்து தொடங்குவது

சிக்லிட் வளர்ப்பவர்கள் என்னைக் கூப்பிடுவது இரண்டு நேரத்தில்: மீன் செத்த பிறகு, அல்லது சாகப்போகிறபோது. செத்த பிறகு நான் வந்து செய்ய ஒன்றுமில்லை, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போகலாம். மற்றவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

திருகோணமலைப் பக்கத்தில் உப்புவெளி, நிலாவெளி, லிங்கநகர், சீனன்குடா என்று நான் கைவிட்டுப் பார்த்த தொட்டிகளில் இருந்தவை பெரும்பாலும் ஏஞ்சல், கன்விக்ட், ஒஸ்கார், பிளவர்ஹோர்ன், பிறகு மலாவி ஏரி மீன்கள். நிறமும் உருவமும் வேறானாலும் எல்லாம் சிக்லிட் என்ற ஒரே மீன் குடும்பம். கந்தளாய்க் குளத்துத் திலாப்பியாவும் அதே குடும்பம்தான். குளம் வற்றும் காலத்தில் கரையோரச் சேற்றில் வட்டவட்டமாகக் குழி தெரியுமே, அது ஆண் திலாப்பியா பிடித்து வைத்திருந்த காணி. வீட்டுத் தொட்டியில் நடப்பதும் அதே காணி வழக்கு. "இது குணம் கெட்ட மீன்" என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம் நான் மீனைப் பற்றிக் கேட்பதில்லை. தொட்டி எத்தனை அடி, உள்ளே எத்தனை மறைவு, கடைசியாகக் கல்லை எப்போது நகர்த்தினீர்கள் என்றுதான் கேட்பேன்.

உங்கள் தொட்டியில் காணும் அறிகுறியைத் தேடி அங்கிருந்து வாசியுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாதது முதலில், செலவுள்ளது பிறகு.

## எதற்கும் முன்: இப்போதே அடி விழுகிறதா?

ஒரு மீன் மேல்மூலையில், பில்டர் குழாய்க்குப் பின்னால், செட்டையை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு நிற்கிறதா? வால் நுனி நார்நாராகக் கிழிந்திருக்கிறதா? செதில் உதிர்ந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறதா? அப்படியானால் இன்றிரவு அதை அப்படியே விட்டால் காலையில் இராது.

லைட்டை அணையுங்கள். மரக்கறி கழுவும் பிளாஸ்டிக் கூடை ஒன்றைத் தொட்டியில் பாதி அமிழக் கட்டுங்கள். அதற்குள் போட வேண்டியது அடி வாங்கிய மீனை அல்ல, அடித்த மீனை. இதைச் சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. பாவப்பட்டதைத்தான் எல்லோரும் எடுத்து ஒதுக்குவார்கள். அது காயம் ஆறித் திரும்பி வரும்போது, காணி முழுவதும் மற்றவன் பெயரில் எழுதியாகிவிட்டிருக்கும், மறுபடி முதலிலிருந்து அடி. அடித்தவனை 4, 5 நாள் கூடைக்குள் வைத்தால் வெளியே உள்ளவை இடத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுவிடும். அவன் வெளியே வரும்போது அவன்தான் புது ஆள். கன்விக்ட் என்றால் கைதி. உடம்பின் கறுப்புக் கோடுகள் பழைய சிறைச் சீருடை போல இருப்பதால் வந்த பெயர், கூடைக்குள் போட்டால் இன்னும் பொருந்தும். கூடையை மேலே மூடிக் கட்ட மறக்க வேண்டாம், இவை பாயும்.

அடி வாங்கியது சரிந்து படுத்துவிட்டது என்றால் மட்டும் அதையும் எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் எயார் போட்டு விடுங்கள். ஒரு லீட்டருக்கு 1 கிராம் கணக்கில் உப்பு கரைத்து விடலாம். ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 5 கிராம்.

## அறிகுறி: நேற்றுவரை அமைதி, இன்று ஒன்று எல்லாவற்றையும் துரத்துகிறது

### சட்டிக்குள் பார்த்தீர்களா?

லிங்கநகரில் ஒரு வீடு. "தம்பி, நேற்று வரைக்கும் தங்கமான மீன். இண்டைக்கு என்ர கையையே கொத்துது" என்றார் அந்த வீட்டு மாமி. 3 அடித் தொட்டி, ஒரு மூலையில் கவிழ்த்து வைத்த பீலி ஓடு. மற்ற மீன்கள் எல்லாம் எதிர்மூலையில் அடைந்துபோய் நின்றன. ஃபோன் டோர்ச்சை ஓட்டுக்கு அடியில் பிடித்தேன். ஓட்டின் உட்புறக் கூரையில், வறுத்த ரவையை ஈரக்கையால் அப்பியது போல முட்டை. பெண் மீன் அதன் கீழே தலையைச் சரித்து, பக்கச் செட்டையால் விசிறிக்கொண்டே இருந்தது. வெளிச்சம் பட்டதும் ஆண் வந்து கண்ணாடியில் மூக்கால் இடித்தது. அது குணக்கேடு இல்லை, பிள்ளைக்காவல்.

இதுதான் காரணம் என்றால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். 27, 28 பாகையில் கன்விக்ட் முட்டை மூன்றாம் நாள் அளவில் பொரிக்கும். அதன்பின் நாலைந்து நாளில் குஞ்சு நீந்தும். அந்தக் காலம் முழுவதும் இந்த ஆவேசம் இருக்கும், கூடும், பிறகுதான் குறையும். மற்ற மீன்களை வேறு தொட்டிக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் நடுவில் தடுப்பு. 2 அடித் தொட்டியில் இரண்டும் வேண்டாம், முட்டையிட்ட ஓட்டை எடுத்துவிடுங்கள். மனம் கேட்காதுதான், ஆனால் அந்த அளவுத் தொட்டியில் ஒரு சோடி குஞ்சு வளர்த்தால் மூன்றாவது மீனுக்கு உயிர் இராது.

தடுப்புக்கு ஒரு எச்சரிக்கை. நம்மூரில் எந்த வீட்டிலும் ஒரு வலைத்துண்டு கிடக்கும், அதைத்தான் முதலில் எடுப்பார்கள். வலை மீன் பிடிக்கச் செய்தது. தலையை விட்டால் செவுளில் மாட்டி, விடிய முன் முடிந்துவிடும். சீலிங் லைட்டுக்கு அடியில் போடும் சதுரக் கண் பிளாஸ்டிக் தட்டு நல்லது, அரத்தால் வெட்டித் தொட்டி அகலத்துக்குப் பொருத்தலாம்.

### புது மீன் விட்டீர்களா?

காணிக்குள் அந்நியன் வந்த கதை. புது மீனை எடுத்துவிட வேண்டாம், எல்லைக் கற்களைப் பிடுங்குங்கள். கல், ஓடு, சிரட்டை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, இடம் மாற்றி வையுங்கள். பழைய எல்லை ஒன்றும் இராது, எல்லோருக்கும் அது புதுத் தொட்டி. சாப்பாட்டைப் போட்டு, லைட்டை அணைத்துவிட்டுப் படுக்கப் போங்கள். அடுத்த முறை புது மீன் வாங்கினால் இதை முதலே செய்துவிட்டு, பிறகு விடுங்கள். ஒன்றை மட்டும் வாங்கி விடாமல் மூன்று நான்காக விட்டால் அடி பங்குபடும்.

கல் என்றதும் சிலர் நிலாவெளிக் கரையில் பொறுக்கிய முருகைக்கல்லைக் காட்டுவார்கள். முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அதைவிட, ஏஞ்சல் தொட்டியில் அந்தக் கல் தண்ணீரை இன்னும் கடினமாக்கிவிடும். கட்டட வேலைக்கு வரும் கருங்கல்லில் நாலு துண்டு போதும்.

### ஒன்றுமே மாறவில்லை என்றால்

மீன் வளர்ந்துவிட்டது. இரண்டு அங்குலத்தில் வாங்கிய ஒஸ்கார் ஒரு வருடத்தில் பத்து அங்குலத்துக்குக் கிட்டப் போகும். அதற்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த தொட்டி அப்படியே இருக்கும். அடியில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 28 ஆல் பெருக்குங்கள், அதுதான் லீட்டர். 2 × 1 × 1 தொட்டி 56 லீட்டர்: ஒரு கன்விக்ட் சோடிக்கே இறுக்கம். 4 × 1½ × 1½ என்றால் 252 லீட்டர், ஒரு ஒஸ்காருக்கு அதற்குக் குறைந்து நான் சொல்ல மாட்டேன். இந்தக் கிளையில் மலிவான வழி இல்லை. பெரிய தொட்டி, அல்லது மீனை வேறு ஆளுக்குக் கொடுப்பது.

## அறிகுறி: இரண்டு மீன் வாயோடு வாய் கவ்விக்கொண்டு சுழல்கிறது

உடனே பிரிக்க ஓடாதீர்கள். கதிரையை இழுத்துப் போட்டு 15 நிமிடம் வடிவாகப் பாருங்கள்.

இழுத்து, விட்டு, பக்கவாட்டில் நின்று வாலால் தண்ணீரை அடித்து, மறுபடி இழுத்து, கடைசியில் இரண்டும் ஒரே சட்டிப்பக்கம் போய் மண்ணைத் தோண்டினால், அது சோடி சேர்கிறது. ஒருவர் பலத்தை மற்றவர் பார்க்கிறார். செட்டைகள் முழுதாக விரிந்திருக்கும், நிறம் பளிச்சென்று இருக்கும், தோற்றவர் என்று யாரும் இரார்.

ஒன்று நிறம் மங்கி, செட்டையைச் சுருக்கி ஓடியும் மற்றது விடாமல் பின்னால் போய் வயிற்றைக் கொத்தினால், அது இரண்டு ஆண். கன்விக்டில் ஆணைப் பிரித்தறிவது சுலபம்: ஆண் பெரிது, முதுகுச் செட்டை நுனி நீண்டு கூர்மையாக இருக்கும். பெண்ணின் வயிற்றில் செம்மஞ்சள் திட்டு இருக்கும். இரண்டு ஆண் என்றால் ஒன்றுக்கு வேறு வீடு தேட வேண்டியதுதான். 3 அடித் தொட்டியில் இரண்டு ஆண்களுக்குச் சமாதானம் பேசி நான் வென்றதில்லை.

## அறிகுறி: சோடிதான், ஆனால் ஆண் பெண்ணை அடித்துக் கொல்கிறது

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. விடையும் அதிகமாகத் தலைகீழாகச் செய்யப்படுவது இதில்தான். "சோடி நிம்மதியாக இருக்கட்டும்" என்று மற்ற மீன்களை எல்லாம் எடுத்து, இரண்டை மட்டும் தனித் தொட்டியில் விடுவார்கள். காவல் காக்கும் வேகம் ஆணுக்கு அடங்காது. காட்ட ஒரு எதிரி வேண்டும். வெளியில் எதிரி இல்லையென்றால் பக்கத்தில் நிற்பவளே எதிரி.

எதிரி ஒன்றைக் காட்டுங்கள். பக்கத்தில் இன்னொரு தொட்டியை ஒட்டி வையுங்கள், அதில் அதே அளவு மீன் ஒன்று. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பார்த்துச் சீறிக்கொண்டு இருப்பான். இவளை விட்டுவிடுவான். வேறு தொட்டி இல்லையா, தடுப்புக்கு அப்பால் ஒரு மீனை விடுங்கள். வேலிக்கு அப்பால் ஒரு எதிரி இருக்கும்வரை வீட்டுக்குள் ஒற்றுமை என்பது மீனுக்கும்தான்.

பெண் தயாரா? வயிறு உப்பியிருக்க வேண்டும், வயிற்றுக்குக் கீழே முட்டைக் குழாய் சிறிது வெளித்தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஆண் அவசரப்படுகிறான், அவ்வளவுதான். தடுப்புப் போட்டு 10 நாள் பெண்ணுக்கு நல்ல தீனி: நுளம்புக் குடம்பி, மண்புழுத் துண்டு, ஊறவைத்து உப்பு போக்கிய கூனி. (நுளம்புக் குடம்பிக்காக வீட்டில் தண்ணீர் தேக்கி வைத்து, டெங்கு பார்க்க வரும் சுகாதாரப் பரிசோதகரிடம் மாட்டிக்கொண்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.)

ஓட வழி இருக்கிறதா? ஒரே வாசல் உள்ள சட்டி மறைவிடமல்ல, பொறி. அடி உடைந்த பூச்சட்டியைப் படுக்கவைத்தால் இரண்டு வாசல். தடுப்பில் பெண் மட்டும் நுழையும் அளவு ஓட்டை ஒன்று வெட்டினால் இன்னும் நல்லது. வேண்டியபோது அவள் போவாள், வேண்டாதபோது தன் பக்கம் வருவாள். ஆண் கணிசமாகப் பெரிதாக இருந்தால் மட்டுமே இது வேலை செய்யும்.

இவ்வளவும் செய்து மூன்றாம் முறையும் பெண் குற்றுயிராகக் கிடந்தால், அந்தச் சோடியைக் கைவிடுங்கள். நீங்கள் கடையில் தெரிவு செய்து சேர்த்த சோடியை அவை ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 6 குஞ்சு வாங்கி ஒன்றாக வளர்த்து, தாமாகச் சேரும் சோடியை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுப்பதுதான் ஏஞ்சலுக்கும் கன்விக்டுக்கும் நான் கண்ட நிச்சயமான வழி.

## அறிகுறி: முட்டை இடுகிறது, குஞ்சு இல்லை

### முட்டை வெள்ளையாகிப் பஞ்சு கட்டுகிறது

எல்லா முட்டையும் ஒரே நாளில் வெள்ளையானால், ஆணின் பங்கு கிடைக்கவில்லை. ஏஞ்சலில் இரண்டு பெண்ணே சோடி சேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக முட்டையிடும். முட்டை வழமையைவிட இரட்டிப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். முட்டையிடும் நேரம் குழாயைப் பாருங்கள்: பெண்ணுக்குத் தடித்து மொட்டையாக, ஆணுக்குச் சிறுத்துக் கூராக இருக்கும். பிளவர்ஹோர்ன் என்றால், அது 1990களில் மலேசியாவில் கலந்து உருவாக்கிய மீன், ஆண்கள் பல மலடு. கொண்டை பெரிதாக இருக்கிறது என்று விலை கொடுத்து வாங்கியவருக்கு இதைச் சொல்வது எனக்கு எப்போதும் சங்கடம்.

பாதி முட்டை மட்டும் வெள்ளையானால் தண்ணீரைப் பாருங்கள். உங்கள் கேத்திலுக்குள் வெள்ளைப் படிவு கட்டுகிறதா? கிணற்றுத் தண்ணீர் கடினம் என்று அர்த்தம். கரையோர மணற்பாங்கான கிணறுகள் பலவும் அப்படித்தான். கன்விக்டுக்கு அது பிரச்சினையே இல்லை, மலாவி மீனுக்குக் கொண்டாட்டம். ஏஞ்சல் முட்டைக்குத்தான் பிடிக்காது. மாரியில் முதல் சில மழை கூரையைக் கழுவட்டும், பிறகு பிடித்த மழைத்தண்ணீரை ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பாதிக்குப் பாதி வரைக்கும் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் மாற்றினால் முட்டை போய் மீனும் போகும். பைப் தண்ணீர் என்றால் வேறு கதை: குளோரின். வாளியில் ஒரு நாள் எயார் ஓடவிட்டுப் பாவியுங்கள், இல்லையென்றால் குளோரின் நீக்கும் மருந்து.

பஞ்சு கட்டுவதைத் தடுக்க, முட்டையிட்ட ஓட்டையே தூக்கி வேறு சிறு தொட்டியில் வைத்து, மெதிலீன் ப்ளூ சில துளி, மெல்லிய எயார். தண்ணீர் இளநீலமாக இருந்தால் போதும்.

### காலையில் ஒரு முட்டையும் இல்லை

முதல் தடவையா? விட்டுவிடுங்கள். இரண்டாம் தடவையா? அதையும் விட்டுவிடுங்கள். இளஞ்சோடிகள் பழகும்வரை தின்னும். மூன்றாவதிலும் தின்றால்தான் காரணம் தேட வேண்டும், அது பெரும்பாலும் மனிதர்தான்: தொட்டி நடைபாதையில் இருக்கும், பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டுவார்கள், ராத்திரி திடீரென்று லைட் போடுவார்கள். மூன்று பக்கமும் பழைய பேப்பர் ஒட்டி, இரவில் அறை மூலையில் சிறு லைட் ஒன்று எரியவிட்டுப் பாருங்கள். தொட்டியில் 'கிளீனர்' என்று வாங்கிய மீன் இருந்தால் இரவில் முட்டை தின்பது அதுவாகவும் இருக்கலாம். எல்லாம் சரியென்றும் தின்றால், முட்டையை எடுத்துத் தனியே பொரிக்க வைப்பதே வழி.

## அறிகுறி: வாயில் முட்டை வைத்திருந்தது, திடீரென்று வாய் காலி

மலாவி மீன்களில் பெண் முட்டையை வாயில் அடைத்து வைக்கும். தாடை கீழே பை போலத் தொங்கும், சாப்பிடாது, மென்றுகொண்டே இருப்பது போலத் தெரியும். ஏறத்தாழ 3 கிழமை இப்படி. முட்டை ஒவ்வொன்றும் மிளகைவிடச் சற்றுச் சிறிது, மஞ்சள்.

முதல் சில நாளில் காலியானால் விழுங்கிவிட்டது: முதல் தடவை, அல்லது முட்டை கருக்கட்டவில்லை, அல்லது ஆண் துரத்தித் துரத்தி வாய் திறக்கவைத்திருக்கிறான். பயமில்லாமல் நிற்க இடம் கொடுத்தால் அடுத்த முறை வைத்திருக்கும். மூன்றாம் கிழமையில் காலியானால் துப்பியிருக்கிறது. மற்றவை தின்றிருக்கும். கல்லிடுக்கில் டோர்ச் அடித்துப் பாருங்கள், ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம். அடுத்த முறை 15ஆம் நாள் அளவில், இரவில் லைட் அணைத்த பிறகு, பெண்ணைக் கோலி எடுத்துத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். துப்பி முடிந்ததும் உடனே திருப்பி விடாதீர்கள், மூன்று கிழமை பட்டினி கிடந்த உடம்பு. ஒரு கிழமை சாப்பிட்டுத் தேறட்டும்.

## அறிகுறி: கச்சான் காலத்தில் மட்டும் சண்டை, மேலே வந்து வாயைத் திறக்கிறது

மே தொடங்கி செப்டெம்பர் வரை மேற்கிலிருந்து அடிக்கும் அந்தச் சூட்டுக்காற்றில் நமக்கே கோபம் வரும். தொட்டியில் வெப்பமானி இல்லையென்றால் ஒன்று வாங்குங்கள், மிக மலிவு. மத்தியானம் 2 மணிக்குப் பாருங்கள். 31, 32 காட்டினால் மீனின் உடம்பு வேகமாக ஓடுகிறது, தண்ணீரில் மூச்சுக்கு இருப்பதோ குறைவு. 25 பாகையில் ஒரு லீட்டர் தண்ணீர் 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 32இல் 7.3தான். தண்ணீர் காரத்தன்மையுள்ளதாகவும் சூடாகவும் இருந்தால் கழிவு அமோனியாவின் நஞ்சும் கூடும். அதனால் கச்சானில் தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

ஹீட்டர் போட்டிருக்கிறீர்களா? சிரிக்க வேண்டாம், மாரிக்குப் போட்டதை ஆடி வரைக்கும் கழற்றாத வீடுகள் உண்டு. அதை எடுங்கள். தொட்டி மூடியைக் கழற்றி வலைக்கம்பி வையுங்கள், மேலே மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது ஒன்றிரண்டு பாகை இறங்கும். குறைந்த தண்ணீரை நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும். உறையவைத்த தண்ணீர்ப் போத்தலை மிதக்கவிடலாம், ஒன்று மட்டும். நாலு போத்தலை ஒன்றாகப் போட்டு ஒரு மணித்தியாலத்தில் 6 பாகை இறக்கியவர் வீட்டில் நோய் வந்துதான் நின்றது.

கரண்ட் போனால் வேறு அவசரம். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அந்த இரவுகளில் நான் ஒரு செம்பால் தொட்டித் தண்ணீரைக் கோலிக் கோலி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடியப்புறம் கண் அயர்ந்தது. இரண்டு ஒஸ்கார் போயின. பெரிய மீன்தான் முதலில் போகும். அடுத்த கிழமையே பேட்டரியில் ஓடும் எயார் பம்ப் வாங்கினேன். அதை முதலே வாங்கியிருக்கலாம்.

## அறிகுறி: மலாவித் தொட்டியில் கிழமைக்கு ஒன்று குறைகிறது

இங்கே மற்ற சிக்லிட்டுக்குச் சொன்னதை மறந்துவிடுங்கள். மலாவிப் பாறை மீன்களைக் குறைவாக வைத்தால்தான் சண்டை கூடும். 4 அடித் தொட்டியில் 5 மீன் வைத்தால் பலசாலி ஒன்று, ஒவ்வொன்றாகப் பொறுக்கி முடிக்கும். 15 அளவில் வைத்தால் யாரைத் துரத்துவது என்று அவனுக்கே தெரியாது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு பில்டர் இரண்டு மடங்கு வேண்டும், கிழமைக்கு ஒரு தடவை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். அதற்கு நேரமில்லாதவர் மலாவி மீன் வளர்க்க வேண்டாம்.

ஒரு ஆணுக்கு நாலு பெண். கல்லைத் தொட்டி முழுவதும் மேல்வரை அடுக்குங்கள், மூலையில் அழகுக்கு ஒரு குவியல் போதாது. 'ஒராட்டஸ்' என்று கறுப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்ட மீன் இருந்தால் விசாரணையே வேண்டாம், குற்றவாளி அதுதான். குஞ்சில் பார்க்க வடிவு. ஆண் வளர்ந்து நிறம் மாறிக் கறுப்பாகும்போது தொட்டி அவனுடையது. 'யெலோ லேப்' என்ற சாதுவான மஞ்சள் மலாவி மீன் வைத்திருப்பவர் அதை அருகில் விடாதீர்கள்.

## அறிகுறி: கடி தெரியவில்லை, ஆனால் ஒதுங்கி நிற்கிறது, சாப்பிடாது

இங்கேதான் எல்லோரும் சண்டை என்று நினைத்துத் தவறு செய்வது. சில வேளை நோய் முதலில் வருகிறது. பலவீனமானதை மற்றவை அடிப்பது அதற்குப் பிறகு.

மலத்தைப் பாருங்கள். வெள்ளையாக நூல் போலத் தொங்குகிறதா? மலாவி மீன் என்றால் வயிறும் உப்பியிருக்கும். மாட்டிறைச்சி, கோழி என்று கொழுப்பு கொடுத்திருப்பீர்கள். தீனியை நிறுத்தி, தண்ணீர் மாற்றி, இரண்டு மூன்று நாள் கழித்து அவித்த கீரை கொடுங்கள். ஒஸ்காருக்குத் தலையில் குழி குழியாக அரித்தால் தண்ணீர் நீண்ட நாள் அழுக்காக இருந்திருக்கிறது. கிழமைக்கு இரண்டு தடவை மாற்றத் தொடங்குங்கள்.

இவை 5 நாளில் திரும்பாவிட்டால் மிருக வைத்தியரிடம் போக வேண்டும். கொடுக்க வேண்டியிருக்கும் மருந்து மெட்ரோனிடசோல். மனிதருக்கு வாங்கிய குளிசையை உடைத்துக் கண்மதிப்பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். மீன் பார்க்கப் பழகாத வைத்தியர் என்றால் பேராதனை மிருக வைத்திய பீடத்தைக் கேட்கச் சொல்வார். போகும்போது தொட்டியின் அளவு, மீன் எண்ணிக்கை, கடைசியாகத் தண்ணீர் மாற்றிய நாள், தொட்டித் தண்ணீர் ஒரு போத்தல் கொண்டுபோங்கள். ஒரே கிழமையில் மூன்றுக்கு மேல் செத்தால் 5 நாள் காத்திருக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. எல்லா மீனும் ஒரே நேரம் திடுக்கிட்டுப் பாய்ந்து, கண்ணாடியில் மோதி, பிறகு மூலையில் ஒடுங்கினால் கையைத் தண்ணீருக்குள் விடாதீர்கள். ஹீட்டர் கண்ணாடி வெடித்திருக்கலாம், பம்ப் வயர் கசியலாம். சுவரில் பிளக்கைக் கழற்றிய பிறகுதான் தொடுவது. ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்றாலும் இதே சந்தேகம். இதற்கு மீன்காரன் வேண்டாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: எல்லாம் சரிவந்து, குஞ்சு கூடிப் போனது

சண்டையைத் தீர்த்துக் கொடுத்த வீட்டிலிருந்து மூன்று மாதத்தில் வரும் அழைப்பு இது. கன்விக்ட் சோடி ஒன்று ஒரு தடவையில் நூற்றுக்கு மேல் குஞ்சு தரும், அவை முடிவதற்குள் அடுத்த முட்டை. கடைக்காரரிடம் கன்விக்ட் என்றதும் கையெடுத்துக் கும்பிடுவார்.

கந்தளாய்க் குளத்திலோ வாய்க்காலிலோ கொண்டுபோய் விடாதீர்கள். 'டேங்க் கிளீனர்' மீனை இப்படி விட்டுத்தான் அது இன்று நாட்டின் நீர்நிலைகளில் பரவி, வலையைக் கிழித்துக்கொண்டு கிடக்கிறது. ஆணை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், அல்லது ஓட்டையும் சட்டியையும் எடுத்துவிட்டு, முட்டையிட்டால் அன்றே துடையுங்கள். ஒஸ்கார் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் குஞ்சுக்கு அங்கே வேலை இருக்கிறது. கடையில் தீனிக்கென்று விற்கும் மீனைப் போல் நோய் கொண்டுவராது.

என்னிடம் இப்போதும் நாற்பது குஞ்சு இருக்கிறது, லிங்கநகர் மாமியின் ஓட்டில் பொரித்ததின் வழி. வேண்டியவர் வாளியோடு வரலாம். தொட்டி எத்தனை அடி என்று வாசலிலேயே கேட்பேன்.